ஒரே வீட்டில் ரெண்டு சபாபதி: கோர்ட்டுக்குப் போனவர் ஊரைச் சிரிக்க வைத்த கதை

முதலாளி பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி. முதலாளி ஜமீன் வீட்டுப் பிள்ளை. காசு இருக்கு, படிப்புதான் ஏறவில்லை. வேலைக்காரனோ, சொன்ன சொல்லை எழுத்து மாறாமல் அப்படியே செய்து வைக்கிறவன். இந்த ரெண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்?

1941-ல் ஏவிஎம் எடுத்த 'சபாபதி' படத்தில் டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்னமும் இதைத்தான் செய்து காட்டினார்கள். எண்பது வருஷம் தாண்டியும் அந்தக் காட்சிகளை இன்றைக்கும் போனில் பார்த்துச் சிரிக்கிறோம். படத்தில் நடித்தவர்களைச் சட்டென்று அடையாளம் சொல்பவர்கள்கூட, கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர் பம்மல் சம்பந்த முதலியார். வக்கீல், பிறகு நீதிபதி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர், 'தமிழ் நாடகத் தந்தை' என்று பாடப் புத்தகங்கள் சொல்கிற மனிதர். பாடப் புத்தகத்தில் பட்டம் மட்டும் இருக்கும், சிரிப்பு இருக்காது. இந்தக் கட்டுரையில் அந்தச் சிரிப்பைத்தான் கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

பம்மல் ஊர்க்காரரா?

பேரில் பம்மல் இருந்தாலும் பிறந்தது சென்னை நகரத்தில், 1873 பிப்ரவரி 1 அன்று. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பம்மல், குடும்பத்தின் பூர்வீகம். அப்பா விஜயரங்க முதலியார், அம்மா மாணிக்கவேலு அம்மாள். அப்பா பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் இன்ஸ்பெக்டர். வீடு நிறையப் புத்தகம். ஆங்கிலப் படிப்பு, ஷேக்ஸ்பியர், மாநிலக் கல்லூரி என்று அந்தக் காலத்து வசதியான சென்னைப் பிள்ளை ஒருவன் எப்படி வளர்வானோ, அப்படி வளர்ந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. பிற்காலத்தில் தமிழ் நாடகத்துக்கே தந்தை என்று பெயர் எடுத்த இவருக்கு, சின்ன வயசில் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. வெறுப்பு என்றே சொல்லலாம். இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கில நாடகங்களைப் படித்து ரசித்த பையனுக்கு, விடிய விடிய ஆடும் கூத்தும், எடுத்ததற்கெல்லாம் பாட்டுப் பாடும் நாடகக் கம்பெனிகளும் ஒட்டவில்லை.

அரக்கோணம், திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரலாம். நியாயம்தான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படித்து, ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன குறை என்று தோன்றும். சம்பந்த முதலியார் அந்தக் கூத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம். அவர் வாழ்ந்த சென்னையின் படித்த வீடுகளில் யாருமே பார்க்கவில்லை. அந்த ஒதுக்கல்தான் இவர் கதையின் ஆரம்பம், அதனால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பெல்லாரியில் இருந்து வந்த நாடகம்

1891-ல் பெல்லாரியில் இருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. பேர் சரச வினோதினி சபா. நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்யலு, தெலுங்கு நாடகத்தின் பிதாமகர் என்று ஆந்திரத்தில் இன்றைக்கும் கொண்டாடப்படுகிறவர். தெலுங்கு நாடகம்தான் போட்டார்கள். பெல்லாரியில் இருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதை குண்டக்கல், கடப்பா, ரேணிகுண்டா, திருத்தணி என்று வந்து அரக்கோணத்தில்தான் சென்னைப் பாதையோடு சேரும். ரெண்டு மொழியும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புறத்துக்குத் தெலுங்கு நாடகம் ஒன்றும் புதுசு இல்லை. திருத்தணியே 1960 வரைக்கும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது.

சென்னையில் அந்த நாடகத்தைப் பார்க்கப் பையனை அழைத்துப் போனவர் அப்பா. பதினெட்டு வயசு சம்பந்தம் அசந்து போனார். நாடகம் நன்றாக இருந்தது என்பது ஒரு பக்கம். அதைவிட, மேடையில் வேஷம் கட்டி நின்றவர்கள் யார் என்பதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. கிருஷ்ணமாச்சார்யலு ஒரு வக்கீல். கூட நடித்தவர்களில் உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். நாடகம் ஆடினால் மரியாதை போய்விடும் என்று கேட்டு வளர்ந்த பையனுக்கு முன்னால், மரியாதைக்குரிய மனுஷர்கள் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறார்கள்!

ஏன் இது அவ்வளவு பெரிய விஷயம்? அன்றைக்கு 'கூத்தாடி' என்பது தொழிலின் பெயராக மட்டும் இல்லை, வசைச் சொல்லாகவும் இருந்தது. நாடகக்காரனுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குவார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். நடிப்பு வயிற்றுப் பிழைப்பு, அதுவும் தாழ்வான பிழைப்பு என்று முடிவு கட்டியிருந்தார்கள். படித்தவன் மேடை ஏறினால் குடும்பத்துக்கே தலைக்குனிவு.

அதே வருஷம் ஜூலை 1-ம் தேதி, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து 'சுகுண விலாச சபா'வைத் தொடங்கிவிட்டார் சம்பந்தம். சம்பளத்துக்கு நடிக்கிற கம்பெனி இல்லை இது. பொழுதுபோக்காக, ஆசைக்காக நடிக்கிறவர்கள் சேர்ந்த சங்கம். இன்றைக்கு 'அமெச்சூர் நாடகக் குழு' என்று சொல்கிறோமே, தமிழில் அதற்கெல்லாம் பெரிய முன்னோடி இதுதான்.

யாரெல்லாம் நடித்தார்கள்?

1893-ல் 'புஷ்பவல்லி'யோடு சபா மேடை ஏறியது. அடுத்து 'லீலாவதி - சுலோசனா', 'சாரங்கதரா', 'மனோகரா' என்று வரிசையாக வந்தன. வருஷம் போகப் போக, சபாவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஏதோ ஹைகோர்ட்டு வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். சர் சி.பி.ராமசாமி ஐயர் இருந்தார், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இருந்தார். சத்தியமூர்த்தி மேடை ஏறி நடிக்கவும் செய்தார்.

சபா பல வருஷம் நாடகம் போட்ட இடம் விக்டோரியா பப்ளிக் ஹால். அரக்கோணத்தில் இருந்து மின்சார ரயில் பிடித்து மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதற்குள்ளேதான் வக்கீல்களும் நீதிபதிகளும் ராஜா வேஷமும் ராணி வேஷமும் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

ராணி வேஷமும் என்று சொன்னேன். ஆமாம், பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் போட்டார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பல வருஷம் கதாநாயகி வேஷம் கட்டியவர் ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். மேடையில் காதலனும் காதலியும், மேடைக்கு வெளியே உயிர் நண்பர்கள். 1920-களில் ரங்கவடிவேலு இறந்தபோது சம்பந்தம் நொறுங்கிப் போனார். நினைவுக் குறிப்புகளில் அவர் பேர் வருகிற பக்கங்கள் எல்லாம் ஈரமாகவே இருக்கும். சிரிப்பு நாடகக்காரர் என்று நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

அவர் மாற்றியது என்ன?

முதலில் நேரம். சொன்ன நேரத்துக்குத் திரை தூக்க வேண்டும், சில மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். விடிகிற வரைக்கும் ஆடுகிற பழக்கம் சபாவில் கிடையாது. மறுநாள் கோர்ட்டு இருக்கிறதே!

ரெண்டாவது, பேச்சு. அதுவரைக்கும் நாடகம் என்றால் பாட்டுதான். பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் வசனம் வரும், அதையும் நடிகர்கள் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப இட்டுக்கட்டிப் பேசுவார்கள். சம்பந்த முதலியார் நாடகத்தை உரைநடையில் எழுதினார். எழுதியதை மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, அப்படியே பேச வேண்டும். ஒத்திகைக்கு வராதவனுக்கு வேஷம் இல்லை. இன்றைக்கு இதெல்லாம் சாதாரணம். அன்றைக்கு இது ஒரு புரட்சி.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இருந்தார். புராணக் கதைகளைப் பாட்டாகவே எழுதி, ஊர் ஊராகப் போகும் கம்பெனிகளையும், சிறுவர்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகளையும் வளர்த்தவர். ஒருவர் டவுன், இன்னொருவர் நாடு முழுக்க என்று வைத்துக்கொள்ளலாம். யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் தேவையில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். நாடகத்துக்கு 'கௌரவம்' கிடைத்தது சபாக்காரர்களால், அந்தக் கௌரவம் முதலில் போய்ச் சேர்ந்ததும் சபாக்காரர்களுக்குத்தான். சம்பளத்துக்கு நடித்த ஏழை நடிகனைக் கூத்தாடி என்று கூப்பிடுவது அதனால் உடனே நின்றுவிடவில்லை. அவன் மேல் மரியாதை வரப் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம், என்.எஸ்.கிருஷ்ணன் போன்ற தொழில்முறைக்காரர்கள் வந்து தனியாகப் போராட வேண்டியிருந்தது.

மனோகரனும் பைத்தியக்கார வசந்தனும்

'மனோகரா' எழுதியபோது சம்பந்தத்துக்கு வயசு இருபத்திரண்டு. வசந்தசேனையின் பிடியில் சிக்கிய ராஜா புருஷோத்தமன், ஒதுக்கப்பட்ட ராணி பத்மாவதி, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கால் கைகட்டி நிற்கும் இளவரசன் மனோகரன். சங்கிலியை அறுத்துக்கொண்டு அவன் வெளியே வருகிற காட்சி தமிழ் மேடையில் பல தலைமுறைக்குக் கைத்தட்டல் வாங்கியது. அந்தப் பாத்திரத்தைச் சம்பந்த முதலியாரே பல வருஷம் நடித்தார்.

என் கண்ணில் இந்த நாடகத்தில் முக்கியமானவன் இன்னொருத்தன்: வசந்தசேனையின் மகன் வசந்தன். அரைப் பைத்தியம். கொலை, துரோகம், சிறை என்று எல்லாரும் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டு இருக்கும்போது, இவன் பாட்டுக்கு உள்ளே வந்து ஏதாவது உளறிவிட்டுப் போவான். அதிகாரத்துக்காக அம்மா இவ்வளவு சூழ்ச்சி செய்வது இந்தப் பிள்ளையைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கத்தான் என்று நினைத்துப் பாருங்க! சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். 1954-ல் எல்.வி.பிரசாத் இயக்கி, கலைஞர் கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி நடித்த படத்தில் இந்த வசந்தனாகக் காகா ராதாகிருஷ்ணன் வருவார். வசனம் புதுசு, சிவாஜியின் கர்ஜனை புதுசு. வசந்தன் மட்டும் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் யோசித்த அதே வசந்தன்.

சிரிப்பை எப்படிச் செய்தார்?

1906-ல் வந்த 'சபாபதி'யை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடர்ந்து அதே பாத்திரங்களை வைத்து இன்னும் சில சிறு நாடகங்களையும் எழுதினார். இதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வேலைக்காரன் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வான். நாம் பேசும்போது பாதியைச் சொல்கிறோம், மீதியைக் கேட்கிறவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடுகிறோம். அந்த மீதியைப் புரிந்துகொள்ள மறுக்கிற ஒருத்தன் எதிரில் நின்றால், நம் உத்தரவு எவ்வளவு ஓட்டை என்று தெரிந்துவிடும். வேலைக்காரன் முட்டாள் என்று ஆரம்பித்துச் சிரிக்கிறோம். கொஞ்ச நேரத்தில், சரியாகச் சொல்லத் தெரியாத முதலாளிதான் அவனைவிட முட்டாளோ என்று சந்தேகம் வருகிறது. ரெண்டு பேருக்கும் ஒரே பேர் வைத்தது சும்மா இல்லை.

ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்துச் சென்னையில் நிஜமாகவே உலாவியவர்கள். பணம் இருக்கிற இடத்தில் அறிவும் இருக்கும் என்ற நினைப்பை இந்த நாடகம் நையாண்டி செய்கிறது. கேலி செய்யப்பட்டவர்களில் பலர் முன்வரிசை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள். தன் சொந்த வர்க்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் அவரிடம் இருந்தது. அதனால்தான் சோக நாடகங்களைவிட இந்தச் சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் இன்றைக்கும் பழசாகாமல் நிற்கின்றன.

அடுத்து 'சந்திரஹரி'. அரிச்சந்திரன் கதை எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்ல மாட்டேன் என்று ராஜ்யத்தை இழந்து, மனைவியை விற்று, சுடுகாடு காத்தவன். அந்தப் பேரைத் திருப்பிப் போட்டால் சந்திரஹரி. கதையையும் திருப்பிப் போட்டுவிட்டார். இந்த ராஜா உயிரே போனாலும் உண்மை பேச மாட்டான். அவன் வாயில் இருந்து ஒரே ஒரு உண்மையை வரவழைக்க எல்லாரும் பாடாய்ப் படுகிறார்கள், அவன் அசைந்து கொடுப்பதில்லை. நாடெங்கும் கூத்திலும் கம்பெனி நாடகத்திலும் அரிச்சந்திரனைப் பார்த்து அழுத ஜனங்களுக்கு, ஒவ்வொரு காட்சியும் எங்கே இருந்து வருகிறது என்று தெரியும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் இந்தச் சிரிப்பு நிற்கிறது. 1941-ல் இதையும் படமாக எடுத்தார்கள், என்.எஸ்.கிருஷ்ணன் நடித்தார். கூத்தை ஒதுக்கியவர் எழுதிய நல்ல நகைச்சுவை நாடகங்களில் ஒன்று, கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பிரான்ஸில் ஒரு குமாஸ்தா

இதே காலத்தில் பாரிஸில் ஒருவர் இருந்தார். ஜார்ஜ் கூர்தலீன் (1858-1929). கூர்தலீன் என்பது புனைபெயர், அப்பா பெயரோடு சேர்த்தால் ஜார்ஜ் முவானோ. அப்பாவும் கோர்ட்டு நடப்புகளைக் கேலியாக எழுதியவர். மகனுக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. அங்கே போனதைவிடப் போகாமல் இருந்த நாள்தான் அதிகம் என்பார்கள். சம்பளத்தில் ஒரு பங்கைச் சக ஊழியருக்குக் கொடுத்து, தன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு எழுதப் போய்விடுவாராம். பிறகு அதே ஆபீஸ் குமாஸ்தாக்களின் சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்து புத்தகம் போட்டார்! அவருடைய 'பூபூரோஷ்' நாடகம் பாரிஸில் மேடை ஏறியது 1893-ல், இங்கே 'புஷ்பவல்லி' ஏறிய அதே வருஷம். போலீஸ், நீதிபதி, சட்டப் பிரிவு என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

சம்பந்த முதலியார் கூர்தலீனைப் படித்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரெண்டு பேரும் செய்தது ஒரே ஜாதி வேலை: ஆபீசையும் கோர்ட்டையும் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து சிரித்தார்கள். நம்மவரின் நாடகப் பட்டியலில் 'சுல்தான்பேட்டை சப் அசிஸ்டென்ட் மாஜிஸ்டிரேட்' என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. ஒரு வித்தியாசம், கூர்தலீன் ஆபீசுக்கு மட்டம் போட்டவர். சம்பந்த முதலியாரோ வக்கீலாக இருந்து, 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்து, ஐம்பத்தைந்து வயசில் முறைப்படி ஓய்வு பெற்றவர்.

பிரெஞ்சு நகைச்சுவையோடு நேரடித் தொடர்பும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு மோலியரின் 'ஸ்காப்பன்' நாடகத்தைத் தழுவி 'காளப்பன் கள்ளத்தனம்' எழுதினார். ஸ்காப்பன், காளப்பன். சத்தத்தைப் பாருங்க, எவ்வளவு இயல்பாக நம்மூர்ப் பேராக மாறிவிட்டது! ஷேக்ஸ்பியரிடமும் இதே வித்தைதான். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான், ஒபீலியா 'அபலை' ஆனாள், ஹொரேஷியோ 'ஹரிஹரன்'. மெக்பெத் 'மகபதி', சிம்பலின் 'சிம்ஹளநாதன்', வெனிஸ் நகர வியாபாரி 'வாணீபுர வணிகன்'. மொழிபெயர்த்த மாதிரியே தெரியாமல் பேர் வைப்பது ஒரு கலை. எழுத்துக்கு எழுத்து பெயர்க்காமல், காதில் விழும் ஓசையை வைத்துப் பாத்திரத்தை ஊர் மாற்றிக் குடியேற்றினார்.

ஓசியில் நாடகம் போடாதே

இன்னொரு விஷயத்தில் அவர் கறார். தன் நாடகத்தை யார் மேடை ஏற்றினாலும் அனுமதி கேட்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அன்றைய தமிழ்நாட்டில் இது யாரும் கேள்விப்படாத சங்கதி. ஒருத்தர் எழுதின பாட்டை இன்னொருத்தர் பாடுவார், ஒரு கம்பெனியின் கதையை அடுத்த ஊரில் வேறு கம்பெனி போடும். எழுதினவனுக்கு ஒரு மாலைகூடக் கிடைக்காது. பிரான்ஸில் நாடக ஆசிரியர்கள் 1829-லேயே சங்கம் வைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் வசூலில் பங்கு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே ஒரு வக்கீல் எழுதியதால்தான் அந்தக் கேள்வியாவது எழுந்தது.

சிலர் இதைக் கஞ்சத்தனம் என்று பேசினார்கள். வசதியான மனுஷனுக்கு எதற்கு இந்தச் சில்லறை என்று கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்து ஒரு சொத்து என்று ஒருத்தராவது கோர்ட்டு பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது. அவரைவிட ஏழையான எழுத்தாளர்களுக்கு அது தேவைப்பட்டது, சொல்லும் சட்ட அறிவும் இடமும் அவர்களுக்கு இல்லை. கட்டணம் வாங்கினாலும் மற்ற குழுக்களை அவர் ஒதுக்கவில்லை. தொழில்முறைக் கம்பெனிகள் பலவும் 'மனோகரா'வைப் போட்டன. டி.கே.எஸ். சகோதரர்களும் அதில் நடித்து வளர்ந்தவர்கள்தான். வக்கீல்களுக்காக எழுதிய நாடகம் இப்படித்தான் பட்டணத்தை விட்டு இறங்கிச் சின்ன ஊர்க் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது.

வயசான மனோகரன்

பேசும் படம் வந்ததும் பழைய நாடகக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சம்பந்த முதலியார் அந்தப் பக்கம் நடந்து போனார். அறுபது வயசைத் தாண்டிய ஆள். 1936-ல் 'மனோகரா' முதல் முறை படமானபோது அதில் நடித்தார், ஆனால் மனோகரனாக இல்லை. அப்பா புருஷோத்தமனாக. இளமையில் எந்த ராஜாவை எதிர்த்து மேடையில் சங்கிலியை அறுத்தாரோ, அந்த ராஜாவின் வேஷம் இப்போது அவருக்கு. நாற்பது வருஷம் ஒரே கதைக்குள் இருந்தால் இப்படித்தான், மகன் அப்பாவாகிவிடுகிறான்.

'லீலாவதி - சுலோசனா', 'சபாபதி', 'வேதாள உலகம்' (1948) என்று அவர் நாடகங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படமாயின. சினிமாவைப் பற்றியும் புத்தகம் எழுதினார். நடிப்புக் கலையைக் கற்றுக்கொள்வது எப்படி என்று எழுதினார். சிவாலயங்களைப் பற்றி எழுதினார். எல்லாவற்றிலும் பெரியது ஆறு பாகமாக வந்த 'நாடகமேடை நினைவுகள்'. எந்த நாடகத்தில் எந்தத் திரை கிழிந்தது, யார் வசனத்தை மறந்தார், கூட்டம் வராத நாளில் எவ்வளவு நஷ்டம், எந்த நண்பர் கடைசி நேரத்தில் கைவிட்டார் என்று ஒன்று விடாமல் சொல்லியிருப்பார். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் தான் சொதப்பியதையும் அதே அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார். தமிழ் நாடகத்தின் ஐம்பது வருஷ நடப்பைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் இல்லை. நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், எந்தப் பக்கத்தில் இருந்தும் ஆரம்பிக்கலாம்.

1959-ல் மத்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் அதே வருஷம் வந்தது. அப்போது அவருக்கு எண்பத்தாறு வயசு. 1964 செப்டம்பர் 24 அன்று காலமானார். காந்தி பிறந்த காலத்தை ஒட்டிப் பிறந்து, நேரு இறந்த வருஷத்தில் இறந்த நீண்ட ஆயுள்.

இப்போது எங்கே கிடைக்கும்?

அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. 'என் சுயசரிதை' உட்படப் பல புத்தகங்கள் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நடை கொஞ்சம் பழசாக இருக்கும், வடமொழிச் சொல் அதிகம் வரும். ரெண்டு பக்கம் தாண்டினால் பழகிவிடும். முதலில் 'சபாபதி'யைப் படியுங்கள், அப்புறம் 'சந்திரஹரி'. 'மனோகரா'வுக்குக் கடைசியில் வரலாம்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று தேடும் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். ஜமீன் வீட்டுச் சபாபதியையும் வேலைக்கார சபாபதியையும் மேடை ஏற்ற ராஜா வேஷம் வேண்டாம், சீன் படுதா வேண்டாம். நாற்காலி ரெண்டும், நன்றாக உளறத் தெரிந்த ரெண்டு பையன்களும் போதும். அனுமதி விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த மனுஷரின் நாடகத்துக்கு, இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காசும் கட்ட வேண்டாம்.